அடுப்பேறாத காபி

அடுப்பைப் பற்றவைக்காமலே காபி போடலாம் என்று யமுனா சொன்னபோது அவள் அம்மா செங்கம்மா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "போடி இவளே! பச்சத் தண்ணியில தூளக் கொட்டி ஊற வெச்சா அது காபியா? மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வெக்கற மாதிரி இல்ல கீது" என்றாள். கங்காதர நெல்லூர் பக்கத்தில் காலனி வீட்டில் இருக்கிற செங்கம்மாவுக்குக் காபி என்றால் பொங்க வேண்டும், ஆவி பறக்க வேண்டும், ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஊறவைக்கிற வேலைதான் அது.

ஆனால் அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. கொட்டையை ரவை மாதிரி கொரகொரவென்று அரைக்க வேண்டும். சிக்கரி ஒரு சிட்டிகை சேரக் கூடாது. ஒரு பங்கு தூளுக்கு எட்டு பங்கு தண்ணி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜாடியில் போட்டு மூடி வைத்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு மல்துணியில் வடிகட்ட வேண்டும். எவ்வளவு அவசரம் இருந்தாலும் துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் அடியில் கிடக்கிற கசப்பெல்லாம் இறங்கி வந்துவிடும். தானாகச் சொட்டுகிற வரைக்கும் காத்திருந்து, வடிந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, சாயங்காலம் ஐஸ் போட்டுக் குடிக்க வேண்டும். யமுனா இதையெல்லாம் திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு காபிக் கடையின் சமையல்கட்டில் ஒன்றரை வருஷம் நின்று கற்றுக்கொண்டாள். அங்கே அதற்குக் கோல்ட் ப்ரூ என்று பேர். கடையை மூடிவிட்டார்கள். கைப்பக்குவம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வீடு என்றதும் அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். யமுனாவின் புருஷன் குணாவுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. விடியறதுக்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். திருப்பதியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடிக்க இரண்டு பேரும் ஏழு வீடு ஏறி இறங்கினார்கள். "நீங்க இன்னா ஆளுங்க?" என்று தமிழில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள். ஒருத்தர் மட்டும் நாசூக்காக, "சொந்த ஊருல எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்டார். எல்லாம் ஒரே கேள்விதான். எல்லாருக்கும் அடுத்த நாளே சொந்தக்காரங்க யாரோ தங்க வருகிறார்களாம், போர்ஷன் காலி இல்லையாம்.

எட்டாவது வீடு பைராகிப்பட்டெடையில். மாடியில் ஓனர், கீழே போர்ஷன். அதற்குள் யமுனாவுக்கு வெறுத்துப் போயிருந்தது. கேட்டைத் திறந்த அம்மாளிடம், அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "நாங்க காலனி ஆளுங்கக்கா. இஷ்டம்னா குடுங்க, இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்று போட்டு உடைத்தாள். அந்த அம்மாள் பேர் ஸ்வர்ணலதா. ஐம்பது வயசு, சிரித்த முகம், சித்தூர்க்காரி. "அய்யே, இந்தக் காலத்துல போயி யாரும்மா அதெல்லாம் பாத்துக்கினு? சுத்தபத்தமா இருந்தா போதும்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

தெருவுக்கு வந்ததும் குணா கேட்டான், "சுத்தபத்தமாவா? மத்தவங்ககிட்டயும் அப்டித்தான் சொல்லி சாவி குடுப்பாங்களா?"

"ஏன்யா, உனக்கு எதுக்கெடுத்தாலும் நொட்டதானா? குடுக்கறவங்களயும் வுடமாட்டியா?" என்று யமுனா எரிந்து விழுந்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு அவளுக்கு. அந்த மனசு இருந்தால்தானே எட்டாவது வீட்டுக் கேட்டைத் தட்ட முடியும்.

போன வருஷம் வெயில் காலத்தில் ஸ்வர்ணலதாவுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. டாக்டர் காபியைக் கண்ணால்கூடப் பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலு மணி ஆனால் அவளுக்குத் தலை வெடிக்கும், வேலைக்காரியைப் பிடித்துக் கத்துவாள். யமுனா மாடிப்படிக்குக் கீழே நின்று, "அக்கா, நான் ஒரு காபி போட்டுக் குடுக்கறேன், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. அடுப்புலயே ஏத்தறதில்ல" என்றாள்.

"ஏத்தறதே இல்லியா?"

"இல்லக்கா."

"தண்ணியக்கூட காய வெக்க மாட்டியா?"

"பச்சத் தண்ணிதான்."

"துளிகூட நெருப்பு கெடையாது?"

"சத்தியமா இல்லக்கா."

மூன்று தரம் கேட்டாள். ருசி எப்படி இருக்குமோ என்று யோசிக்கிறாள் போல என்று யமுனா நினைத்துக்கொண்டாள். "ரெண்டு நாள் கழிச்சி சொல்றேம்மா" என்று ஸ்வர்ணலதா மேலே போய்விட்டாள். சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் இறங்கி வந்தாள். ஒரு கையில் பெரிய கண்ணாடி ஜாடி, இன்னொரு கையில் மாடி வீட்டு ஃபில்டர் தண்ணி நிரப்பிய கேன், இடுப்பில் சித்தூரில் சொல்லி அரைத்து வாங்கின தூள் பொட்டலம். "எல்லாம் நானே குடுத்துடறேன். உனக்கு எதுக்கும்மா வீண் செலவு" என்றாள். யமுனாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு என்று குணாவிடம் நாலு தரம் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஸ்வர்ணலதா கீழே வருவாள். தன்னுடைய எவர்சில்வர் டம்ளரைக் கையோடு கொண்டுவருவாள். நல்ல கனமான டம்ளர், அவள் பேர் பொறித்தது. "இந்த டம்ளர் இல்லன்னா எனக்கு எறங்காது, பழகிப் போச்சு" என்பாள். வாசல்படியில் உட்கார்ந்து, யமுனா ஊற்றிக் கொடுக்கிற காபியை வாய் வைத்து, உதட்டில் ஒட்டினதை நாக்கால் துடைத்துச் சப்புக்கொட்டிக் குடிப்பாள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் அக்ஷயாவைப் பற்றிப் பேசுவாள், சித்தூரில் கட்டுகிற புது வீட்டைப் பற்றிப் பேசுவாள். "உன் கை ராசி யமுனா, என் நெஞ்செரிச்சலே ஓடிப்போச்சு" என்பாள்.

வாய் வைத்துக் குடித்தாள் பாருங்கள், அதுதான் யமுனாவுக்குப் பெரிசு. மத்தவர்களுக்கு இது ஒரு விஷயமா? யமுனா பத்து வயசில் பங்காருபாளையத்தில் மாங்காய் பறிக்க அம்மாவோடு போவாள். தோப்புக்காரர் வீட்டு வாசலில் செங்கம்மா ரெண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். மேலே இருந்து சொம்பு சாயும். பாதி தண்ணி வாய்க்குள் போகும், மீதி முழங்கை வழியாகப் புடவையில் ஓடும். நாக்கு வறண்டு போனாலும் யமுனா அப்படிக் குடிக்க மாட்டேன் என்று சாதித்துவிட்டு, மண்டை காய வீடு வரைக்கும் நடந்து வந்தாள். அந்தத் தாகம் இருபத்தஞ்சு வருஷமாக அவள் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த மாதிரி வீட்டுக்காரி ஒருத்தி இவள் கையால் வாங்கி, இவள் வாசல்படியில் உட்கார்ந்து, வாய் வைத்துக் குடிக்கிறாள்.

"எங்க ஓனரக்கா தெனமும் என் கையாலதாம்மா காபி குடிக்கறாங்க" என்று போனில் சொன்னாள்.  "நெஜமாவாடி?" என்றாள் செங்கம்மா. சாயங்காலத்துக்குள் காலனி பூரா தெரிந்துவிட்டது. தண்ணிக் குழாயடியில், ரேஷன் கடையில், நூறு நாள் வேலையில், எங்கே பார்த்தாலும் செங்கம்மா இதே பேச்சு. 'எம்பொண்ணு கையால வாங்கிக் குடிக்கறாங்க, தெர்தா? டெய்லி.'

குணா மட்டும் வழிக்கு வரவில்லை. "காபி குடிக்கறாங்க, சரி. நீ பொங்கலுக்குக் குடுத்தியே சக்கரப் பொங்கல், துன்னாங்களா?"

"அவங்களுக்கு சுகர்யா."

"உகாதிக்கு வட?"

"அன்னிக்கி சனிக்கெழம. விரதம்."

"டப்பா மட்டும் கழுவிக் குடுத்துட்டாங்க இல்ல?"

"வெறும் டப்பாவா குடுத்தாங்க? நாலு மாம்பழம் போட்டுக் குடுத்தாங்க. நீ கண்ட?" என்று யமுனா முறைத்தாள்.  குணா ஒன்றும் பெரிய ஞானி இல்லை. கம்பெனி கேன்டீனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

இந்த மே மாசம் சித்தூர் வீடு கட்டி முடிந்தது. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு ஸ்வர்ணலதா கீழே வந்தாள். "வெயில் கொளுத்துது யமுனா. வர்றவங்களுக்கெல்லாம் உன் கோல்டு காபி குடுக்கலாம்னு பாக்கறேன். இருபது லிட்டர் போட முடியுமா? சூடா வேணும்ங்கறவங்கள சமையல் அய்யர் பாத்துப்பார். நீ கோல்டு மட்டும் பாத்துக்கோ, போதும்." யமுனாவுக்குக் காலே தரையில் பாவவில்லை. நூறு பேர் குடிக்கப் போகிறார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, "கங்காதர நெல்லூர்லேர்ந்து சித்தூரு எவ்ளோ தூரம், பஸ்ஸ புடிச்சி வந்துடு. உன் கண்ணாலயே பாரு" என்றாள்.

குணா சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "வேலைக்குக் கூப்டாங்களா, விசேஷத்துக்குக் கூப்டாங்களா?" என்றான்.  ரெண்டு எவர்சில்வர் டிரம்மை ஸ்வர்ணலதா வாங்கிவந்து மாடி பால்கனியிலேயே வைத்தாள். மாடித் தண்ணியையே பிடித்து ஊற்றினாள். யமுனா தூளைக் கொட்டிக் கலக்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வடிகட்டி முடிக்கிறதற்குள் தோள்பட்டை ரெண்டும் கழன்றுவிட்டது. ஒரு தரம்கூடத் துணியைப் பிழியவில்லை.

புது வீட்டில் விடிகாலையிலேயே பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். யமுனா டிரம்களோடு போய் இறங்கும்போது வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே ஹோமப் புகை. பக்கவாட்டில் ஷாமியானா போட்டு அவளுக்கு ஒரு மேஜை. ஐஸ் பெட்டி, காகித டம்ளர், எல்லாம் ரெடி. பத்து மணி வெயிலில் ஜனங்கள் மொய்த்துவிட்டார்கள். "இது இன்னாம்மா காபி, இவ்ளோ நைஸா கீது?" என்று கேட்டுக் கேட்டு ரெண்டாவது, மூன்றாவது என்று வாங்கினார்கள். ஸ்வர்ணலதா ரெண்டு தரம் வந்து, "எங்க யமுனாவோட கைவேலை" என்று சொந்தக்காரங்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். பட்டுப்புடவை கட்டி வந்த செங்கம்மா ஷாமியானா கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டு பார்த்தபடியே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒவ்வொருத்தர் வாயில் டம்ளர் படும்போதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் படித்துப் பட்டம் வாங்கியிருந்தால்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

நேரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரை இருக்கும், ஸ்வர்ணலதாவின் மாமியார் கிழவி கூடத்து நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாக, "ஏம்மா, எனக்கு சளி. ஐஸு ஆவாது. சூடா ஒரு வாய் கெடைக்குமா?" என்று கேட்டாள். சமையல் அய்யர் பந்தியில் இலை போடும் மும்முரத்தில் இருந்தார். அவர் அடுப்பில் சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. யமுனா யோசிக்கவே இல்லை. யோசிக்கிறதற்கு அதில் என்ன இருக்கிறது? கொஞ்சம் காபியை ஒரு கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு நேராகப் புது சமையலறைக்குள் போனாள். காலையில் பால் பொங்கிய பாத்திரத்தில் மீதிப் பால் இருந்தது. அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். பற்றவைத்தாள். பாலைச் சுட வைத்து, காபியை விட்டு, சர்க்கரை போட்டு அதே கிண்ணத்தில் ஆற்றினாள். நுரை கட்டி மணம் கூடம் வரைக்கும் போனது. ஒரு டம்ளரில் ஊற்றித் தானே கொண்டுபோய்க் கிழவி கையில் கொடுத்தாள்.

கிழவி ஒரு வாய் குடித்தாள். "ஆஹா" என்றாள். ரெண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கினாள்.

"அத்தே! குடிக்காதீங்க!" ஸ்வர்ணலதா எங்கிருந்து ஓடி வந்தாளோ தெரியவில்லை. டம்ளரைப் பிடுங்கின வேகத்தில் அது கை நழுவி, டணார் என்று விழுந்து, புதுத் தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பால் கெட்டுப் போச்சு" என்று ஸ்வர்ணலதா சிரித்தாள்.

"நல்லாத்தானேடி இருந்திச்சி? எதுக்குப் புடுங்கற?" என்றாள் கிழவி. அவளை ரெண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தார்கள்.

 அய்யோ, பால் திரிந்துவிட்டதா, வயசானவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று யமுனா சமையலறைக்கு ஓடினாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை வாயில் விட்டுப் பார்த்தாள். தேனாக இருந்தது. ஒரு கோளாறும் இல்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்வர்ணலதாவைத் தேடிப் பின்பக்கம் போனாள். "அக்கா, குடிச்சிப் பாத்தேன், பாலு கெடலக்கா. நல்லாத்தான் கீது. சத்தியமா" என்றாள்.

ஸ்வர்ணலதா அவளைத் தனியாக மாமரத்தடிக்கு இழுத்துப் போனாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. இல்லை. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"எதுக்குமா அடுப்புல வெச்ச? கோல்டு மட்டும் பாத்துக்கோன்னு சொன்னேன் இல்ல?"

"பாட்டியம்மா சூடா கேட்டாங்கக்கா."

"கேட்டா என்கிட்ட சொல்ல மாட்டியா? பால் பொங்கின அடுப்பு யமுனா அது. இன்னிக்கித்தான் மொத மொத பத்த வெச்சது. நீ போயி..." அவள் பாதியில் நிறுத்தினாள். "உனக்கே தெரியும்னு நெனச்சேன்."

"இன்னாக்கா தெரியும்?"

"உன்ன நான் என்னிக்காவது வேத்துமையா பாத்திருக்கேனா சொல்லு. மத்தவங்க மாதிரி வீடு இல்லன்னு சொன்னேனா? நீ காபி போடறேன்னு சொன்னப்ப, உனக்காகத்தாம்மா நான் போயி எங்க புரோகிதரக் கேட்டேன். நெருப்பு பட்டாத்தான் அது சமையலு, யார் கை செஞ்சதுன்னு தோஷம் ஒட்டும். நெருப்பே காட்டாத பண்டம்னா பழம், காய் மாதிரி. தண்ணி நம்ம வீட்டுது, தூளு நம்முது, ஜாடி நம்முது, அப்றம் இன்னா, தாராளமா குடிக்கலாம்னாரு. கேட்டுட்டுதான் குடிச்சேன். எவ்ளோ சந்தோஷமா குடிச்சேன், உனக்கே தெரியும்."

கேட்டுட்டுதான் குடிச்சேனாம். இதைவிட மரியாதையாக ஒருத்தியை எப்படிச் செருப்பால் அடிக்க முடியும், சொல்லுங்கள்? யமுனாவுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. மூன்று தரம் கேட்ட கேள்வி. ரெண்டு நாள் தவணை. கேன் தண்ணி. ஜாடி. பேர் பொறித்த டம்ளர். சனிக்கிழமை. சுகர். ஒரு வருஷமாக அவள் நாலு மணிக்கு நாலு மணிக்கு எதைப் பார்த்துப் பூரித்தாளோ, அது அவளுடைய கை இல்லை. மாடி வீட்டுத் தண்ணி மாடி வீட்டு டம்ளருக்குத் திரும்பிப் போகிற வழியில் கீழ் வீட்டில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுப்பேறினால் தீட்டு, அடுப்பேறாவிட்டால் இவள் மனுஷி. இது என்ன கணக்கு! 

"மனசுல வெச்சிக்காதே, பர்வாலேது" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு ஸ்வர்ணலதா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் புரோகிதர் மறுபடியும் சொம்பும் மாவிலையுமாகச் சமையலறைக்குள் போவது தெரிந்தது. அடுப்பின் மேல் தண்ணி தெளிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஷாமியானாவில் டிரம்மில் இன்னும் காபி இருந்தது. ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது தோஷமில்லாத காபி ஆச்சே. யமுனாவின் கை தானாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

செங்கம்மா கம்பத்தடியிலிருந்து வந்து மகளின் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேஜை மேல் வைத்தாள். "வாடி, போலாம்."

"சாப்டல இன்னும்."

"எனக்கு பசி இல்ல."

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகிற கூட்டம் நெரிந்தது. செங்கம்மாவின் பஸ் நின்றிருந்தது. அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அந்த டம்ளரு கீழ வுழுந்த சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றாள். யமுனா பஸ்ஸுக்குள் ஏறி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். செங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை ரொம்பத் தாழ்த்தி, "ஊருல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிட்டேனேடி. இப்ப போயி இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

 கண்டக்டர் விசிலடித்தான். யமுனா இறங்கிக்கொண்டாள்.

குணாவிடம் அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லப் போகிறான், சொன்னால் தட்டை எடுத்து வீசிவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டான். அது இன்னும் அழுகையைக் கிளப்பிவிட்டது.

பழகின கை சும்மா இருக்குமா? ரெண்டு நாள் கழித்து மீதித் தூளை ஜாடியில் போட்டு, மீதிக் கேன் தண்ணியை ஊற்றி ஊறவைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வடிகட்டினாள். இந்தத் தடவை சொட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. துணியைச் சுருட்டி ரெண்டு கையாலும் பிழிந்தாள், விரல் வெளுக்கிற வரைக்கும் பிழிந்தாள்.

நாலு மணிக்குப் படியில் கொலுசு சத்தம் கேட்டது. ஸ்வர்ணலதா எப்போதும் போல டம்ளரோடு வந்து நின்றாள். கேன் தண்ணியும் கொண்டுவந்திருந்தாள். "நாளைக்கு அக்ஷயா வர்றா யமுனா. ரெண்டு ஜாடி போட்ரு. அன்னிக்கி நடந்தது எதயும் மனசுல வெச்சிக்காதே. நானும் வெச்சிக்கல" என்றாள்.

நானும் வெச்சிக்கலையாம்! யமுனா அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். உள்ளே போய் ஜாடியிலிருந்த காபியை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். வாசலில் நின்றால் அடுப்பு நன்றாகத் தெரியும். லைட்டரை அமுக்கினாள். நீலமாகப் பற்றிக்கொண்டது.

"ஏய், இன்னா பண்ற?"

"காபி போடறேன்கா."

"கோல்டுதானே குடிப்பேன் நான்?"

யமுனா பார்த்துக்கொண்டே நின்றாள். விளிம்பில் கொப்புளம் கட்டி, நடுவில் குமுறி, கொதித்து எழுந்தது. அணைக்காமல் இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டாள். ஸ்வர்ணலதா போயிருக்கலாம். போகவில்லை. டம்ளர் உள்ளே இருந்ததே. யமுனா அந்த டம்ளரிலேயே, பேர் பொறித்த அந்த டம்ளரிலேயே, தளதளவென்று ஊற்றி, புடவைத் தலைப்பால் பிடித்து எடுத்துவந்து நீட்டினாள்.

"குடிங்கக்கா."

ஸ்வர்ணலதா அவள் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா என்ன வேத்துமையா பாக்கலன்னு சொன்னீங்களே. அதே தூளு, அதே தண்ணி, அதே டம்ளரு. என் கையும் அதேதான். ஒரு வாய் குடிங்க, போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல."  நீட்டின கையை யமுனா மடக்கவில்லை. உள்ளுக்குள் இன்னும் ஒரு பைத்தியக்கார ஆசை இருந்தது, குடித்துவிடுவாள் என்று. என்ன செய்வது, அதுதான் யமுனா.

ஸ்வர்ணலதாவின் கை கொஞ்சம் எழுந்தது. எழுந்த கை மாறி, கீழே இருந்த தண்ணிக் கேனைத் தூக்கிக்கொண்டது. "அந்த டம்ளர நீயே வெச்சிக்கோ" என்றாள். படியேறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆறு மணிக்குப் போனில் மெசேஜ் வந்தது. அக்ஷயாவுக்கு வரன் பார்க்கிறார்களாம். சொந்தக்காரங்க வந்து போவார்களாம். கீழ் போர்ஷன் வேண்டுமாம், மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிட வேண்டுமாம். கடைசியில் ரெண்டு கை கூப்பின படம் ஒன்று. யமுனா அதைக் குணாவுக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துத் தானே குடித்தாள். பிழிந்து வடித்த காபி, வாயில் வைக்க முடியாத கசப்பு. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி?"

"அன்னிக்கி பஸ்ல கேட்டியேம்மா, ஊருல இன்னா சொல்றதுன்னு."

"ஆமா."

"குடிக்கலன்னு சொல்லிடு. என் கையால எதயும் குடிக்கல. எதிருல நின்னு கேட்டேன், குடிக்கல. டம்ளர மட்டும் என்கிட்டயே வுட்டுட்டு போயிட்டாங்கன்னு சொல்லு."

 செங்கம்மாவுக்குப் பின்னால் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள், "டம்ளரு நல்லதா?"

"நல்லதும்மா. கனமா கீது."

"எடுத்துக்கினு வாடி. நீ சூடா போட்டு ஊத்து. நான் குடிக்கறேன் அதுல."